செஞ்சி வரலாறு – 12: கூடாரமும் கம்பளியும்

செஞ்சி வட்டாரத்தில் வெட்டவெளியில் படுத்துறங்கும் வழக்கம் கோட்டையைவிடப் பழையது. அருகிலுள்ள தொண்டூரில் பாறையைச் சமன்படுத்திச் செதுக்கிய சமணர் படுக்கைகள் இருக்கின்றன. அவற்றோடு தமிழ்பிராமி எழுத்தில் ஒரு கொடைக் கல்வெட்டும் உண்டு. எழுத்தமைதியைக் கொண்டு அதை ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். செஞ்சி ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது.

தமிழகத்துச் சமணர் குகைத்தளங்கள் பலவற்றில் படுக்கையின் தலைமாட்டில் கல் சற்று உயர்த்தி விடப்பட்டிருக்கும். மேலே துருத்தி நிற்கும் பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே ஓடாமல் அந்தக் காடியிலேயே முறிந்து கீழே சொட்டிவிடும். தரையின் ஈரம், மேலிருந்து இறங்கும் மழையும் பனியும், இரவில் வரும் பூச்சி: வெளியில் படுப்பவருக்கு இவை மூன்றும் எக்காலத்திலும் தொல்லை. முதல் இரண்டுக்குக் கல்லிலேயே விடை கண்டவர்கள் அந்தத் துறவிகள். பிற்காலத்தில் செஞ்சி மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய படைகள் இதே மூன்று தொல்லைகளையும் துணியையும் கம்பளியையும் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை எட்டு ஆண்டுகள் இழுத்ததற்கு அரசியல் காரணங்கள் பல. படைகள் தங்கிய முறையும் அவற்றோடு சேர்ந்தது.

கிடையும் கம்பளியும்

செஞ்சிக் கோட்டையின் தொடக்கத்தை மரபு ஓர் ஆடு மேய்ப்பவரோடு இணைக்கிறது. மெக்கன்சி சுவடித் தொகுப்பில் உள்ள ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ ஆனந்தக் கோன் என்பவர் புதையல் கண்டு மலையில் கோட்டை எழுப்பியதாகச் சொல்கிறது. இதை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைப்பது வழக்கம். இன்று ராஜகிரி என்று வழங்கும் மலைக்கு ஆனந்தகிரி என்ற பெயரும் இருந்தது. புதையல் கதை எப்படியிருந்தாலும், இந்த மண்ணில் மேய்ச்சல் பழமையானது. கற்குன்றுகளும் முட்புதர்களும் ஏரிகளுக்குக் கீழே நஞ்சை நிலங்களும் கொண்ட வட்டாரம் இது. அறுவடை முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை போடுவது இங்கே உழவோடு ஒட்டிய வேலை.

பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை மாலையில் ஒரு வயலில் ஒன்றுசேர்த்துப் படல் வைத்து மறிப்பார்கள். இரவு முழுவதும் விழும் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்குக் கூலியாக நிலத்துக்காரர் தானியமோ பணமோ தருவார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். கிடை நகர நகர மேய்ப்பவரின் படுக்கையும் நகரும். ஆகவே அவருடைய படுக்கை தோளில் தூக்கிப் போகும் அளவுக்குள் அடங்க வேண்டும். அவர் கையில் கம்பும் தொரட்டியும், தோளில் ஒரு கம்பளியும் இருக்கும்.

ஆடு வளர்க்கும் குறும்பர்கள் நெய்த முரட்டுக் கம்பளி பல வேலை செய்தது. விரித்தால் பாய், போர்த்தினால் போர்வை. ஒரு முனையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் மழைக்குக் கொங்காணி. ஆட்டு மயிரில் இயல்பாகவே கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. அதனால் தூறலும் பனியும் சட்டென்று உள்ளே இறங்குவதில்லை. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நனைந்த கம்பளியோ இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓரளவு சூடு காக்கும். மார்கழிப் பனியில் கழனியில் படுப்பவருக்கு இது பெரிய உதவி.

துணியால் எழுந்த நகரம்

1689இல் சம்பாஜி கொல்லப்பட்டார். ராய்கட் கோட்டை முகலாயர் வசமானது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பி, அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். 1677இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை இப்போது மராத்திய அரசின் தலைமையிடமாயிற்று. அதைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்பிகார் கான். அவர் 1690 செப்டம்பரில் செஞ்சி முன் வந்து பாளையம் இறங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருடைய தந்தையும் பேரரசின் வசீருமான ஆசத் கானும், ஔரங்கசீப்பின் கடைசி மகன் இளவரசர் காம்பக்‌ஷும் வந்து சேர்ந்தனர்.

முகலாயப் பாளையம் என்பது இடம்பெயரும் ஊர். அதன் இலக்கணத்தை அக்பர் காலத்து ‘ஆயினி அக்பரி’ விரிவாகச் சொல்கிறது. அரசருடைய பாளையத்தின் கூடாரச் சாமான்களைத் தூக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள் தேவைப்பட்டன. கூடாரம் அடிக்கும் ஃபராஷ்கள் 1,000 பேர். வழி சமன்படுத்துவோர் 500 பேர். நீர் சுமப்போர் 100 பேர். இவர்களோடு தச்சர், கூடாரம் தைப்பவர், தீவட்டிக்காரர், தோல் வேலை செய்பவர், துப்புரவாளர் என்று தனித்தனிக் கூட்டம். பார்கா எனப்படும் மிகப் பெரிய கூடாரத்தின் நிழலில் 10,000 பேருக்கு மேல் நிற்கலாம் என்றும், அதை நிறுத்த 1,000 ஃபராஷ்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும் என்றும் அந்நூல் குறிக்கிறது. பாளையத்தின் நடுவே உயரமான கம்பத்தில் இரவெல்லாம் எரியும் ஆகாச தீபம், வழி தவறியவர்களுக்கு அடையாளம்.

ஔரங்கசீப் 1664 டிசம்பரில் தில்லியிலிருந்து காஷ்மீரத்துக்குப் புறப்பட்டபோது உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே அந்தக் கூடாரங்களின் உட்புறத்தை எழுதி வைத்திருக்கிறார். அரசருக்கு ஒரே மாதிரியான கூடாரத் தொகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு அடுத்த இடத்தில் தயாராகிவிடும். இதற்குப் பேஷ்கானா என்று பெயர். கூடாரங்களின் வெளிப்பக்கம் சிவப்புத் துணி. உட்பக்கம் மசூலிப்பட்டினத்தில் எழுதிய சித்திரத் துணி. தரையில் சில அங்குலக் கனத்துக்குப் பஞ்சு மெத்தை பரப்பி, அதன்மேல் கம்பளம் விரிப்பார்கள். தரையின் ஈரத்தையும் குளிரையும் தடுக்கும் ஏற்பாடு அதுதான். மாலையில் ஆயிரக்கணக்கான அடுப்புகளில் பச்சை விறகும் வரட்டியும் புகைய, அந்தப் புகைமூட்டத்தில் தன் கூடாரத்தைக் கண்டுபிடிப்பதே கடினம் என்கிறார் பெர்னியே. இரவில் காவலர்கள் ‘கபர்தார்’ என்று குரல் கொடுத்தபடி பாளையத்தைச் சுற்றி வந்தனர்.

தக்காணப் போர்க் காலத்தில் இந்த ஏற்பாடு இன்னும் பெருத்துப்போயிருந்தது. இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரி 1695இல் கிருஷ்ணை ஆற்றங்கரையில் கல்கலாவில் இருந்த ஔரங்கசீப்பின் பாளையத்தைப் பார்த்தார். அங்கே 60,000 குதிரைப்படையினரும் 1,00,000 காலாட்களும் 50,000 ஒட்டகங்களும் 3,000 யானைகளும் இருந்ததாக அவரிடம் சொல்லப்பட்டது. பாளையத்துக்குள் 250 கடைவீதிகள் இருந்தனவாம். செஞ்சிக்கு வந்தது இதைவிடச் சிறிய படை. ஆனாலும் ஓர் இளவரசரும் ஒரு வசீரும் ஒரு தளபதியும் தத்தம் தகுதிக்கேற்ற கூடாரங்களோடு ஒரே இடத்தில் தங்கிய பாளையம் அது.

எல்லாரும் கூடாரத்தில் படுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கூடாரங்கள் மன்சப்தார் எனப்பட்ட உயர் அதிகாரிகளுக்கு. குதிரைவீரர்கள் இரண்டு கம்புகளின் மேல் துணியை இழுத்துக் கட்டிய சிறு கூடாரங்களில் பலராகச் சேர்ந்து முடங்கினர். குதிரைக்காரர், புல் வெட்டுபவர், சுமையாள் போன்ற வேலையாட்களுக்கு வண்டியின் அடியும் மரத்தடியும்தான் கூரை. படையின் எண்ணிக்கையில் பெரும்பகுதி இவர்கள்தான்.

மழையும் பருத்தியும்

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதில்களால் இணைத்த முக்கோணம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் மதிலை முழுவதும் வளைத்துக்கொள்ள ஜுல்பிகார் கானின் படை போதவில்லை. எங்கோ ஒரு வாயில் எப்போதும் திறந்தே இருந்தது; தானியமும் ஆட்களும் உள்ளே போய்வந்தன. ஆகவே முற்றுகை நீண்டது, பாளையம் மழைக்காலங்களைச் சந்திக்க நேர்ந்தது.

வடநாட்டுப் படைக்குப் பழக்கமான மழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓயும். செஞ்சிப் பகுதிக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும், வடகிழக்குப் பருவக்காற்றோடும் வங்கக் கடலின் புயல்களோடும் வருகிறது. வடக்கே மழை ஓய்ந்து படைகள் புறப்படும் காலம், இங்கே ஏரிகள் உடையும் காலம். முகலாயத் தளபதி தல்பத் ராவ் புந்தேலாவின் அலுவலராகப் பாளையத்தில் இருந்த பீம்சேன் பின்னாளில் ‘நுஸ்கா இ தில்குஷா’ என்ற பாரசீக நூலில் இந்தப் போரைப் பதிவு செய்தார். 1692ஆம் ஆண்டு மழையில் அந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே ஏரிபோலக் கிடந்ததையும், இரவு பகலாகப் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் பட்ட பாட்டையும், தானிய விலை ஏறியதையும் அவர் குறிப்பிடுகிறார்.

பருத்திக் கூடாரம் நனையும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால் அந்தப் பாடு விளங்கும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் நீர் பட்டதும் நூல் பருத்து இழைகளின் இடைவெளி மூடிக்கொள்ளும். நன்றாக இழுத்துக் கட்டிய கூரையில் மழைநீர் உள்ளே ஒழுகாமல் சரிவில் வழிந்துவிடுவது இதனால்தான். துணி தொய்ந்து ஓரிடத்தில் நீர் தேங்கினாலோ, உள்ளே இருப்பவரின் தலையோ பெட்டியோ துணியில் உரசினாலோ, அந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும். சணல், பருத்திக் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். மழை தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்தாவிட்டால் அது முளையைப் பிடுங்கிவிடும், அல்லது துணியைக் கிழித்துவிடும். செஞ்சி அடிவாரத்தில் பாதி இடம் பாறை; அங்கே முளை இறங்காது. மீதி இடம் நஞ்சை மண். ஈரத்தில் முளை நிற்காது. நனைந்த கூடாரத்தின் பாரம் காய்ந்ததைவிட மிகவும் கூடிவிடும். காயாமல் சுருட்டினால் சில நாளில் பூஞ்சைக் கரும்புள்ளி பிடித்து இற்றுப்போகும். வாரக்கணக்கில் வெயிலே இல்லாத மழைக்காலத்தில் பாளையத்தின் துணி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது.

கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கல்யாண மகாலும் அதை அடுத்த வரிசை அறைகளும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. கனத்த வளைவுக் கூரையுடைய களஞ்சியங்களில் நெல் நனையாமல் கிடந்தது. ராஜகிரி உச்சிக்குப் போக ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவைப் பாலத்தால் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் நிம்மதியாக உறங்கலாம். மலையில் விழுந்த மழை கீழே இருந்தவர்களை நனைத்தது. மேலே இருந்தவர்களின் சுனைகளை நிரப்பியது.

தோளில் படுக்கை சுமந்த படை

மழை ஓயும் தறுவாயில், 1692 டிசம்பரில், மராத்தியத் தளபதிகளான சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மகாராட்டிரத்திலிருந்து பெரிய குதிரைப்படையோடு தமிழகத்தில் இறங்கினர். முகலாயர் கூடாரங்களோடு மாதக்கணக்கில் கடந்த தூரத்தை இவர்கள் வேகமாகக் கடந்தனர். காஞ்சிபுரத்து முகலாயப் படையதிகாரி (ஃபவுஜ்தார்) அலி மர்தான் கான் எதிர்த்துச் சென்று தோற்றுச் சிறைப்பட்டார்.

இந்த வேகத்துக்கு அவர்கள் தங்கிய முறை அடிப்படை. மராத்தியக் குதிரைவீரர்கள் ஈட்டியைத் தரையில் குத்தி நிறுத்தி, கடிவாளக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, தரையிலேயே படுப்பார்கள் என்று எல்பின்ஸ்டன் தம் இந்திய வரலாற்றில் எழுதுகிறார். ஓசை கேட்டதும் எழுந்து குதிரையேறுவதற்கு இடையில் வேறு வேலை இல்லை. தலைவர்களுக்குச் சில சிறு கூடாரங்கள் உண்டு. மற்றவர்களுக்குத் தங்கர் என்ற மேய்ப்பர்கள் வளர்த்த தக்காண ஆட்டின் மயிரில் நெய்த கோங்கடி என்ற கருப்புக் கம்பளிதான் படுக்கை. பகலில் அது சேணத்தின் மேல் மடிந்து கிடக்கும், மழையில் தலையை மூடும், இரவில் பாயும் போர்வையுமாகும். செஞ்சிக் கழனியில் ஆட்டுக்கிடைக்குக் காவல் படுத்தவரின் கம்பளியும் இந்தக் கோங்கடியும் ஒரே இனம்.

கூடாரம் இல்லாத படைக்குக் கூடாரம் தூக்கும் மாடு வேண்டாம், அந்த மாட்டுக்குத் தீவனம் வேண்டாம், தீவனம் தேடப் போகும் ஆட்களுக்குக் காவல் வேண்டாம். முகலாயப் பாளையத்தை இந்தச் சங்கிலிதான் கட்டிப்போட்டிருந்தது. படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் லம்பாடிகள். பொதிமாடுகளின் மீது மூட்டைகளை ஏற்றி நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடத்தி வருவார்கள். இரவு தங்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கிச் சுவர்போல் அடுக்கி, மேலே ஒரு துணியை இழுத்து மூடி, அதன் உள்ளே குடும்பத்தோடு படுப்பார்கள். தங்கள் சரக்கையே வீடாக்கிக்கொண்ட அந்த நாடோடிகள் இல்லாமல் எந்தப் பெரும்படையும் ஒரு மாதம்கூட ஓரிடத்தில் நிற்க முடியாது. சந்தாஜியும் தனாஜியும் வழிகளை அடைத்ததும் பாளையத்துக்குள் தானியம் வருவது நின்றது.

வந்தவாசிக்குப் பின்வாங்கல்

பட்டினியோடு வதந்தியும் சேர்ந்துகொண்டது. பாதுஷா இறந்துவிட்டார் என்ற பேச்சு பாளையத்தில் பரவியது. இளவரசர் காம்பக்‌ஷ் ராஜாராமுடன் இரகசியமாகத் தொடர்பு வைத்திருப்பது தெரியவந்ததும் ஆசத் கானும் ஜுல்பிகார் கானும் அவரைக் காவலில் வைத்தனர். கோட்டையைச் சுற்றிச் சிதறியிருந்த காவல் நிலைகளைக் கலைத்துப் படையை ஓரிடத்தில் குவித்தார்கள். இழுத்துச் செல்ல முடியாத பெரிய பீரங்கிகளின் திரிவாய்களில் ஆணி அறைந்து கைவிட்டனர். மேற்குப் பக்கத்தில் இருந்த முகலாயத் தளபதி இஸ்மாயில் கான் மகா பின்வாங்கி வரும் வழியில் மராத்தியரிடம் சிக்கினார்.

1693 ஜனவரித் தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குச் சென்று தானியம் சேர்த்துக்கொண்டு திரும்பினார். வழியில் தேசூரில் சந்தாஜியின் படை மறித்துத் தாக்கியது. தல்பத் ராவின் புந்தேலாக்கள் நின்று போரிட்டதால் தானியம் பாளையம் சேர்ந்தது. ஆனால் அது சில நாளுக்குத்தான் கண்டது. ராஜாராம் தரப்போடு பேசி வழிவிடச் செய்து, அந்த மாதத்தின் பிற்பகுதியில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பாரம் சுமக்கும் மாடுகளும் ஒட்டகங்களும் பெருமளவில் செத்துப்போயிருந்தன. தூக்க ஆளும் விலங்கும் இல்லாததால் பலர் தங்கள் உடைமைகளை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டனர்.

அதன்பின் ஜுல்பிகார் கானின் போர்முறை மாறியது. வந்தவாசியையும் பின்னர் ஆர்க்காட்டையும் நிலையான தங்குமிடமாகக் கொண்டு, தஞ்சை வரை சென்று கப்பம் வாங்கினார், வேலூரை வளைத்தார், செஞ்சிக்கு வருவதும் விலகுவதுமாக இருந்தார். 1697 நவம்பரில், மழை தணியும் நேரத்தில், கடைசி முறையாகச் செஞ்சி முன் வந்தார். இம்முறை இழுத்தடிக்கவில்லை. தாவூத் கான் பன்னியும் தல்பத் ராவும் முன்னின்று ஏறிய தாக்குதலில் 1698இன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பி மகாராட்டிரம் சேர்ந்துவிட்டார். தளபதி தெரிந்தே விட்டுவிட்டார் என்று அக்காலத்தவரே பேசினர். செஞ்சிக்கு ஜுல்பிகார் கானின் நுஸ்ரத் ஜங் என்ற பட்டத்தை ஒட்டி நுஸ்ரத்கட் என்று பெயரிட்டார்கள்.

எட்டு ஆண்டு முற்றுகை என்று நூல்கள் எழுதினாலும், கோட்டையின் முன் படை தொடர்ந்து தங்கிய காலம் அதில் ஒரு பகுதிதான். பாளையத்தை நனையாமலும் பசிக்காமலும் வைத்திருக்க முடிந்த மாதங்களில் மட்டுமே முற்றுகை உண்மையில் நடந்தது.

பூச்சியும் காய்ச்சலும்

வெளியில் படுப்பவரின் மூன்றாவது தொல்லை அடுத்த நூற்றாண்டில் பெரிதாகத் தெரிந்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. மாலையில் அடிவாரத்துப் படைகளை முறியடித்து, வெடிவைத்து வாயிலைப் பிளந்து, இருட்டில் மூன்று மலைகளிலும் ஏறி, விடிவதற்குள் முடித்துவிட்டார்கள். முகலாயருக்கு எட்டு ஆண்டு பிடித்த வேலை அது. ஆனால் பிடித்த இடத்தில் தங்குவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை செஞ்சியில் இருந்த பத்து ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களைப் பறிகொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சி பெயரெடுத்தது.

கெட்ட காற்றும் சதுப்பு ஆவியும்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினர். அதனால் அறைகளை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். கொசுவை யாரும் பொருட்படுத்தவில்லை. அகழி, செட்டிகுளம், சக்கரகுளம், பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர் என்று செஞ்சியில் நீர் நிற்கும் இடத்துக்குக் குறைவில்லை. மலேரியாக் கிருமி அனோபிலிஸ் கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்கூரையும் முகலாயர் காலத்துத் துணிக்கூரையும் தடுக்காத ஒன்றைக் கொசுவலை தடுக்கும் என்பது அதன்பிறகே தெளிவாயிற்று. வேப்பிலைப் புகை போட்டுக் கயிற்றுக் கட்டிலில் உயரத்தில் படுத்த ஊரார் பழக்கத்தில் அனுபவ அறிவு இருந்தது.

கித்தான் காலம்

1780இல் ஹைதர் அலி செஞ்சியைக் கைப்பற்றியதோடு கோட்டையின் போர்க்காலம் பெரும்பாலும் முடிந்தது. வெட்டவெளி இரவுகள் அதன்பிறகு நிர்வாகத்தோடு சேர்ந்தன. தென்னார்க்காடு மாவட்டத்து ஆங்கிலேய அதிகாரிகள் குளிர்மாதங்களில் ஊர் ஊராக முகாம் போட்டு வரிக்கணக்கு பார்த்தனர், வழக்கு கேட்டனர், நிலம் அளந்தனர். அவர்களுடைய கூடாரத்தில் கூரை இரட்டையாக இருந்தது. வெளிக்கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் அதில் காற்று ஓடும், வெயிலின் சூடு உள்ளே இறங்காது. மழையில் வெளித்துணி நனைந்தாலும் உள்துணி காய்ந்தே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்பூர் பஞ்சாலைகள் இத்தகைய கூடாரங்களைப் பெருமளவில் தைத்து நாடெங்கும் அனுப்பின.

ஒரு மனிதர் தானே தூக்கிச் செல்லும் படுக்கையும் இதே காலத்தில் கித்தானுக்கு மாறியது. ஆஸ்திரேலியாவில் வேலை தேடி நடந்த கூலித் தொழிலாளர்கள் கம்பளியைக் கித்தானில் சுருட்டித் தோளில் சுமந்தனர். ஸ்வாக் என்று அழைக்கப்படும் அந்தச் சுருள் 1890களின் பொருளாதார நெருக்கடியில் அந்நாட்டுச் சாலைகளில் எங்கும் காணப்பட்டது. இன்று அதில் மெத்தையும் ஜிப்பும் கொசுவலையும் சேர்ந்து, முகாம் போடுபவர்களின் ஒற்றை ஆள் படுக்கையாக வளர்ந்திருக்கிறது. தடித்த கித்தான் கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கிறது, மேல்மடிப்பு பனியைத் தடுக்கிறது, வலை பூச்சியைத் தடுக்கிறது. மூன்று தொல்லைகளுக்கும் ஒரே சுருளில் விடை. இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு ஹோல்டால். இரு முனைகளிலும் பை வைத்த கித்தான் உறையில் மெத்தையும் தலையணையும் போர்வையும் அடங்கும். வாரால் இறுக்கிக் கட்டினால் கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறலாம். முகாம் அதிகாரிகளும் படைவீரர்களும் பயன்படுத்திய அது, பின்னர் ஒவ்வொரு நடுத்தரக் குடும்பத்தின் பயணச் சாமானாகவும் ஆயிற்று.

இன்று

செஞ்சிக் கோட்டை 1921 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலத்தோற்றங்கள்’ என்ற தொகுதியில் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியில் தமிழகத்திலிருந்து சேர்ந்தது இது ஒன்றுதான். கோட்டை பகலில் மட்டுமே திறந்திருக்கும். இரவு தங்கவோ முகாம் போடவோ அனுமதி இல்லை. சின்னங்களின் பாதுகாப்புக்கு அது தேவையான கட்டுப்பாடு.

முற்றுகைப் பாளையம் இருந்த அடிவாரத்தில் இன்று வயல்களும் வீடுகளும் சாலையும் உள்ளன. துணியால் எழுந்த நகரம் தரையில் சுவடு வைக்காது. அதனால்தான் மதிலையும் வாயிலையும் அளந்து எழுதிய அளவுக்குப் பாளையத்தைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால் செஞ்சியின் வரலாற்றில் கோட்டைக்கு உள்ளே உறங்கியவர்களைவிட வெளியே உறங்கியவர்களின் எண்ணிக்கை பெரிது. அவர்களுடைய இரவுகளைக் கணக்கில் எடுத்தால்தான் 1693இன் பின்வாங்கலும் 1698இன் வெற்றியும் முழுமையாக விளங்கும். மழைக்காலத்தையும் மாட்டுத் தீவனத்தையும் துணியின் பாரத்தையும் விட்டுவிட்டுச் செஞ்சி முற்றுகையின் வரலாற்றை எழுத முடியாது.

(தொடரும்)